என்ன காரணம் சொல்லி லீவு கேட்பது?

கொஞ்ச நாட்களாக ஒரே விஷயத்தைச் சுற்றியே கேள்விகள் வருகின்றன: கையில் இருக்கும் வேலையை விடாமல் வேறு இடத்து இன்டர்வியூவுக்கு எப்படிப் போய்வருவது? அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. மேலாளர்களும் பத்திரிகை படிப்பார்கள்.

கேள்வி: வேறொரு நிறுவனத்திலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அடுத்த வாரம், வேலை நாளில், காலை 11 மணிக்கு. எங்கள் மேலாளரோ லீவு கேட்டால் காரணத்தைத் துருவித் துருவிக் கேட்பவர். அன்று காலை 'உடம்பு சரியில்லை' என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டுப் போய்விடலாமா?

போகாதீர்கள். இது ஒழுக்கப் பாடம் இல்லை, கணக்கு. வேறு வேலைக்கு முயற்சி செய்வது பெரும்பாலான தனியார் நிறுவனங்களில் குற்றமே இல்லை. பொய்க் காரணம் சொல்லி மருத்துவ விடுப்பு எடுப்பதுதான் பல இடங்களில் நடவடிக்கை எடுக்கக்கூடிய தவறு. ஒன்றுமில்லாத விஷயத்தை நீங்களே குற்றமாக்கி, அதற்குச் சாட்சியாக உங்கள் கைப்பட ஒரு மெசேஜையும் ஏன் கொடுக்க வேண்டும்? அதோடு, சில இடங்களில் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் மறுநாள் 'இப்போ எப்படி இருக்கு?' என்று யாராவது அக்கறையாக விசாரிக்கும்போது பொய்க்கு மேல் பொய் அடுக்க வேண்டியிருக்கும். (போன வருஷமே இறந்துபோன பாட்டியை மறுபடி சாகடிப்பதும் இதே ரகம். ஆபீஸில் கணக்கு வைத்திருப்பவர்கள் உண்டு.)

உங்களுக்குச் சேர வேண்டிய சிஎல் (தற்செயல் விடுப்பு) இருக்கிறதா? இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கேளுங்கள். 'வியாழக்கிழமை ஒரு சொந்த வேலை இருக்கிறது, லீவு வேண்டும் சார். அன்றைக்கு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டைப் புதன்கிழமையே முடித்துக் கொடுத்துவிடுகிறேன்.' இவ்வளவு போதும். இதில் பொய் இல்லை, சொந்த வேலைதானே? துருவினால், 'கொஞ்சம் பர்சனல் சார், ஒரு நாள் போதும்' என்று அதையே வேறு வார்த்தையில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்கள் மாட்டிக்கொள்வது காரணம் சொல்லாததால் இல்லை, கேட்காமலேயே ஒரு கதையை ஆரம்பித்து, அத்தை, வங்கி, பத்திரப்பதிவு என்று இழுத்துக்கொண்டே போவதால்தான். மேலாளருக்கு உண்மையில் தெரிய வேண்டியது நீங்கள் இல்லாத அன்று வேலை நிற்குமா நிற்காதா என்பதுதான். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டால் பாதித் துருவல் நின்றுவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. இன்டர்வியூ நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று கூப்பிட்டவர்களிடம் கேளுங்கள். 11 மணி என்பது பெரும்பாலும் ஹெச்ஆரில் ஒருவர் காலியாக இருந்த கட்டத்தில் உங்கள் பெயரைப் போட்டதுதான். நீங்கள் வேலையில் இருப்பவர் என்று அவருக்குத் தெரியும், ரெஸ்யூமிலேயே இருக்கிறது. 'நான் இப்போது வேலையில் இருக்கிறேன், காலை முதல் ஸ்லாட்டோ மாலை ஐந்தரைக்கு மேலோ கிடைத்தால் வசதியாக இருக்கும்' என்று கேட்பதை யாரும் திமிராக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லப்போனால் இருக்கிற வேலையை மதிப்பவர் என்றுதான் தோன்றும். நம் ஆட்கள் சம்பளம் தரும் இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி நேரம் வாங்குவார்கள், புது இடத்தில் வாயே திறக்கமாட்டார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். உங்களைத் தேடி அழைத்தவர்களிடம்தான் வளைந்துகொடுக்க இடம் அதிகம். அப்படிக் கேட்டதற்கே ஒருவர் முகத்தைச் சுளித்தார் என்றால், அங்கே சேர்ந்தபிறகு லீவு எப்படிக் கிடைக்கும் என்பதும் இப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொன்று. அரை நாள் லீவு போட்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 11 மணி இன்டர்வியூவுக்குப் பன்னிரண்டரைக்குத்தான் உள்ளே கூப்பிடுவார்கள், பிடித்துப்போனால் 'எங்கள் டைரக்டரையும் பார்த்துவிட்டுப் போங்களேன்' என்பார்கள். அந்த நேரத்தில் இரண்டு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டுமே என்று நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், சொல்கிற பதில் எல்லாம் அரைகுறையாகத்தான் வரும். முழு நாள் எடுங்கள். எந்த நாள் என்பதை நீங்கள் தேர்வு செய்ய முடிந்தால் வார இறுதியை ஒட்டிய நாளாகப் பாருங்கள், யாருக்கும் அது கண்ணில் படாது.

கேள்வி: இப்போதெல்லாம் ஒரே கம்பெனியில் நாலைந்து ரவுண்டு வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் லீவு போட்டால் வருஷ லீவும் காலி. என்ன செய்வது?

முதல் போன் காலிலேயே கேட்டுவிடுங்கள்: மொத்தம் எத்தனை ரவுண்டு, எதெல்லாம் வீடியோவில், எதற்கு நேரில் வர வேண்டும், நேரில் வருவதை ஒரே நாளில் சேர்த்து வைக்க முடியுமா? அப்புறம், சம்பளம் எந்த வரம்பில், வேலை எந்த ஊரில், உங்கள் நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய காலம்) முடியும்வரை காத்திருப்பார்களா? இதைக் கேட்டால் பேராசைக்காரன் என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படுபவர்கள், மூன்று லீவைக் கொடுத்துவிட்டு நாலாவது ரவுண்டில், இப்போது வாங்குவதைவிடக் குறைவான தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அறிமுகப் பேச்சுக்கு மதிய இடைவேளை போதும், டெக்னிக்கல் ரவுண்டை வேலை நேரத்துக்கு முன்போ பின்போ வைக்கச் சொல்லலாம், ஒரு மணி நேர பெர்மிஷனிலும் முடிக்கலாம். முழு லீவைக் கடைசி ரவுண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை பார்த்ததற்கு காம்ப் ஆஃப் ஏதாவது கிடந்தால் அதை முதலில் செலவழியுங்கள், பல இடங்களில் அது சீக்கிரம் காலாவதியாகிவிடும்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் மீட்டிங் ரூம் எப்போதும் காலியாகவே இருக்கும். அங்கே உட்கார்ந்து வீடியோ இன்டர்வியூ கொடுத்தால் லீவும் மிச்சம்தானே?

லீவு மிச்சம், மானம் செலவு. கண்ணாடிக் கதவு இருக்கிறது, பக்கத்து அறைக்குக் குரல் கேட்கிறது, அதெல்லாம் சின்ன விஷயம். கம்பெனி லேப்டாப்பிலும் கம்பெனி நெட்வொர்க்கிலும் நீங்கள் செய்வதைப் பார்க்க நிறுவனத்துக்கு வழியும் பெரும்பாலும் உரிமையும் இருக்கிறது. சேரும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டோமே, அந்தத் தாளில் எழுதியிருக்கும். இன்டர்வியூ அழைப்பு ஆபீஸ் மெயிலுக்கு வரக் கூடாது, ஆபீஸ் காலண்டரில் ஏறக் கூடாது, ரெஸ்யூம் ஆபீஸ் பிரிண்டரில் வரவே கூடாது. பிரிண்டரில் தாளை மறந்துவிட்டு வருவது பழைய வியாதி.

லிங்க்ட்இன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'வேலை தேடுகிறேன்' என்பதை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு, உங்கள் கம்பெனி ஆட்களின் கண்ணில் படாமல் மறைக்க முயற்சி செய்வோம் என்றும் சொல்கிறார்கள். முழு உத்தரவாதம் தரமுடியாது என்றும் அவர்களே சொல்கிறார்கள். அந்த இரண்டாவது வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். நடுவில் முக்கால் மணி நேரம் இன்டர்வியூவுக்குப் போய்வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அதற்கும் லீவா?

உங்கள் இடைவேளை நேரத்துக்குள் அடங்கினால் லீவு வேண்டாம். அடங்காவிட்டால் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பேசுங்கள். யாருக்குத் தெரியும் என்று இறங்கினால், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று அவர்கள் ஆரம்பிக்கும் அந்த நிமிஷத்தில்தான் மேலாளர் 'ஒரு நிமிஷம் பேசலாமா?' என்று கூப்பிடுவார். அதை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

கேள்வி: இன்டர்வியூவுக்கு என்றே லீவு கேட்க சட்டத்தில் இடம் உண்டா?

சில நாடுகளில் உண்டு. ஆனால் பெரும்பாலும் நீங்களோ நிறுவனமோ நோட்டீஸ் கொடுத்த பிறகுதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1982-ல் கொண்டுவந்த 166-ஆம் எண் பரிந்துரை, வேலையிலிருந்து நீக்கப்படும் தொழிலாளிக்கு நோட்டீஸ் காலத்தில் வேறு வேலை தேட, சம்பள இழப்பு இல்லாமல், நியாயமான நேரம் தரவேண்டும் என்கிறது. பரிந்துரை என்பதால் அது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஜெர்மனியின் சிவில் சட்டம் 629-ஆம் பிரிவில் இதையே உரிமையாக்கியிருக்கிறது, ஆனால் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும், நீங்களாகக் கிளம்ப முடியாது. பெல்ஜியத்தில் நோட்டீஸ் காலத்தின் கடைசி 26 வாரங்களில் வாரத்துக்கு ஒரு நாள்வரை சம்பளத்தோடு வேலை தேடப் போகலாம். பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆட்குறைப்பில் போகிறவர், இரண்டு வருஷமாவது அங்கே வேலை பார்த்திருந்தால், நியாயமான நேரம் கேட்கலாம். ஆனால் அதற்காக நிறுவனம் தரவேண்டியது மொத்தமாக ஒரு வாரச் சம்பளத்தில் 40 சதவீதத்துக்கு மேல் இல்லை.

இந்தச் சட்டங்கள் எல்லாம் போகிறேன் என்று சொன்னவருக்கும் போகச் சொல்லப்பட்டவருக்கும்தான். சத்தமில்லாமல் தேடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு உங்கள் சொந்த லீவுதான் துணை. அரசு வேலையில் இருப்பவர்கள் மட்டும் இந்தப் பக்கத்தில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளி வேலைக்கு விண்ணப்பிக்கவே முன் அனுமதியோ தடையில்லாச் சான்றோ வாங்கவேண்டிய விதிகள் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: ஷிப்ட் வேலை. சம்பளத்தோடு லீவு என்பதே எங்களுக்குக் கிடையாது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. எங்களுக்கு என்ன வழி?

உங்களிடம் இருக்கும் ஒரு வசதி ஆபீஸ்காரர்களிடம் இல்லை. கூட வேலை செய்பவரிடம் ஷிப்டை மாற்றிக்கொள்ளலாம், இரவு ஷிப்ட் வாரமாக இருந்தால் பகல் முழுக்கக் கையில் இருக்கும். ஆனால் இரவெல்லாம் கண்விழித்துவிட்டுக் காலையில் நேராக இன்டர்வியூவில் போய் உட்காராதீர்கள், தெரிந்த பதில்கூட வராது. மதியத்துக்கு மேல் நேரம் கேளுங்கள். வார ஓய்வு நாளைச் சொல்லி 'அன்றைக்கு வர முடியும்' என்று நேராகவே கேட்கலாம், ஷிப்டில் ஆள் எடுக்கும் இடங்களுக்கு இது புரியும். ஒரு நாள் கூலியை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், அந்த மாதம் வருகைக்கான ஊக்கத்தொகை ஏதாவது சேர்ந்து போகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு நாள் கூலியை நினைத்துக்கொண்டு போய், மாசக் கடைசியில் அதைவிடப் பெரிய தொகை குறைந்திருப்பதைப் பார்ப்பது சகஜம்.

கேள்வி: நான் ஒரு டீமின் மேலாளர். நன்றாக வேலை செய்யும் ஒருவர் சமீபமாக அரை நாள், பெர்மிஷன் என்று அடிக்கடி எடுக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை வேறு. கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா?

கேட்டால் இல்லை என்பார். கேட்ட பிறகு தேடுவதை இன்னும் வேகப்படுத்துவார். சட்டையை விட்டுவிட்டு, கடைசியாக அவருக்கு எப்போது சம்பளம் ஏற்றினோம், ஒரே வேலையை எவ்வளவு நாளாகச் செய்துகொண்டிருக்கிறார், போன தடவை அவர் கேட்ட ஒன்றுக்கு நாம் பதிலே சொல்லாமல் விட்டது எது என்று பாருங்கள். அதைப் பற்றிக் கூப்பிட்டுப் பேசுங்கள், இன்டர்வியூ என்ற சொல்லே வர வேண்டாம். உங்கள் மேலாளரிடம் நீங்கள் கடைசியாக 'சொந்த வேலை' என்று லீவு கேட்டது எதற்கு என்பதையும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள், சும்மாதான்.

கேள்வி: மாட்டிக்கொண்டேன். 'வேற இடம் பார்க்கறியா?' என்று மேலாளர் நேருக்கு நேர் கேட்டுவிட்டார். 'யோசித்துச் சொல்கிறேன் சார்' என்று உளறிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு என்ன சொல்வது?

உளறியது அவ்வளவு மோசமில்லை. சத்தியம் செய்து மறுத்திருந்தால்தான் சிக்கல், அடுத்த மாதம் ராஜினாமா கொடுக்கும்போது அந்தச் சத்தியமும் கூடவே வந்து நிற்கும். நாளைக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'நல்ல வாய்ப்பு வந்தால் என்ன ஏது என்று விசாரிக்கிறேன் சார், எதுவும் முடிவாகவில்லை. கையில் இருக்கும் வேலையில் எந்தக் குறையும் வராது.' எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம், எத்தனாவது ரவுண்டு என்பதெல்லாம் வேண்டாம். கோபத்திலோ வெட்கத்திலோ அங்கேயே ராஜினாமாவை நீட்டிவிடாதீர்கள். புது வேலைக்கான ஆர்டர் எழுத்தில் கையில் வந்து, அதில் தேதியும் சம்பளமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. புது இடத்தாரிடமும் சொல்லிவையுங்கள், ஆபர் கொடுப்பதற்கு முன் இப்போதைய ஆபீஸுக்கு போன் போட்டு விசாரிக்க வேண்டாம் என்று. இதை எல்லோரும் கேட்பதுதான், கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

கேள்வி: ஆபீஸில் நெருங்கிய தோழி ஒருத்தியிடம் மட்டும் சொல்லலாமா?

அவளுக்கும் ஒரு நெருங்கிய தோழி இருப்பாளே.

கேள்வி: இன்டர்வியூவில், 'இன்றைக்கு உங்கள் ஆபீஸில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்?' என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே, 'காய்ச்சல்னு சொன்னேன்' என்றேன். அதன் பிறகு அழைப்பே இல்லை. இதுதான் காரணமா?

இதுவே காரணம் என்று சொல்ல முடியாது, வேறு எத்தனையோ இருக்கலாம். ஆனால் சிரித்தபடி கேட்கும் கேள்விகளைத்தான் அவர்கள் கவனமாகக் கேட்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கு உங்கள் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடப்போகிறவர், நீங்கள் சொன்னதை அவர் அந்தக் கண்ணோடுதான் கேட்டிருப்பார். அடுத்த தடவை, 'லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அப்படியே போட்டுவிட்டு வரவும் வேண்டும்.