சார்ஜ் ஏறாத ஸ்மார்ட் வாட்ச்: பேட்டரியைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

கேள்வி: 8 மாதத்துக்கு முன் ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் இரண்டு சின்ன உலோகத் தட்டுகள் இருக்கும். காந்தக் கேபிள் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் நடைப்பயிற்சி முடித்து வந்ததும் கழற்றிச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவது வழக்கம். ஒரு வாரமாகச் சார்ஜ் ஏறவில்லை. கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் பேட்டரி படம் ஒரு நொடி வந்து மறைகிறது. தெருமுனை மொபைல் கடையில் காட்டினேன். ‘பேட்டரி போச்சு, புதுசே வாங்கிடுங்க’ என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: இப்போதைக்குப் புதிது வாங்க வேண்டாம். பேட்டரிதான் போனது என்றால் கேபிளை நேராக வைத்தாலும் சாய்த்து வைத்தாலும் வாட்ச் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். சாய்த்து அழுத்தும்போது படம் வருகிறது, கையை எடுத்தால் போய்விடுகிறது என்றால், அழுத்தும் நேரத்தில் மட்டும் கரண்ட் உள்ளே போகிறது என்று பொருள். கோளாறு பெரும்பாலும் கேபிளும் வாட்சும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான்.

இன்னொரு கணக்கும் பேட்டரிக்குச் சாதகமாக இருக்கிறது. லித்தியம் பேட்டரி வழக்கமாக 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகுதான் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 8 மாதம் தினமும் சார்ஜ் போட்டாலும் சுமார் 240 முறைதான் ஆகிறது. தவிர, வயதான பேட்டரி மூன்று நாள் நின்றது ஒன்றரை நாளில் இறங்குகிறது என்றுதான் தொல்லை கொடுக்கும். ஒரேயடியாகச் சார்ஜே ஏறாமல் அடம்பிடிப்பது அதன் வழக்கமில்லை.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை. இந்த வகை வாட்ச்களில் டிஸ்பிளேயைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். சூடு காட்டிப் பிரிக்க வேண்டும், அதே அளவில் பேட்டரி தேட வேண்டும், திரும்ப ஒட்டினால் பழையபடி தண்ணீர் புகாமல் இருக்கும் என்று உறுதி தர முடியாது. 2,000 ரூபாய் வாட்சுக்கு இந்த வேலை யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பிரிக்காமலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன விஷயம்: நடந்து வந்த கையோடு கழற்றிச் சார்ஜில் போடுவது. வியர்வை என்பது உப்புத் தண்ணீர். கேபிளின் இரண்டு பின்களுக்கும் நடுவே 5 வோல்ட் நிற்கிறது. இடைவெளியோ சில மில்லிமீட்டர்தான். அங்கே ஈரப் படலம் இருந்தால் கரண்டில் ஒரு சிறு பங்கு வாட்சுக்குள் போகாமல் உப்புத் தண்ணீர் வழியாகவே குறுக்கே ஓடும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் செப்புத் தகட்டை வைத்துச் செய்து காட்டிய மின்னாற்பகுப்பு ஞாபகம் இருக்கிறதா? இங்கே நடப்பதும் அதுதான். பிளஸ் பக்கத்து உலோகம் கரையும். மேலே இருக்கும் மெல்லிய பொன்முலாம் முதலில் போகும், பிறகு அதன் அடியில் உள்ள உலோகம் அரிக்கும், பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு படிவு ஏறும். அந்தப் படிவு கரண்டைச் சரியாக விடாது. கையில் கட்டியிருக்கும்போது வியர்வை மட்டும் பட்டால் இவ்வளவு வேகமாக அரிக்காது. ஈரத்தோடு 5 வோல்ட்டும் சேர்வதுதான் கேடு.

நல்ல வெளிச்சத்தில், போன் கேமராவில் ஜூம் செய்து கேபிளின் பின்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் கறுத்து மற்றொன்று பளிச்சென்று இருந்தால் ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். கறுத்தது பெரும்பாலும் பிளஸ் பின். வாட்சின் தட்டுகளில் அழுக்கு வேறு மாதிரி இருக்கும்: வியர்வை, தோல் செதில், எண்ணெய்ப் பசை எல்லாம் சேர்ந்து தட்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மெழுகு போல அடைந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது.

சுத்தம் செய்வது இப்படி. முதலில் கேபிளை அடாப்டரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சின்ன பாட்டிலில் கிடைக்கும். ‘ஐபிஏ’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். காது பட்ஸில் தொட்டு, நனைந்தும் நனையாமலும் இருக்கும் அளவில், வாட்சின் தட்டுகளையும் கேபிளின் பின்களையும் தேயுங்கள். பள்ளத்தில் இருப்பதற்கு மென்மையான பழைய டூத் பிரஷ். பட்ஸ் கறுப்பாக வருவது நின்றதும் 10 நிமிடம் உலர விடுங்கள். வீட்டில் இருக்கும் ஹேண்ட் சானிடைசர் இதற்கு உதவாது. அதில் கிளிசரின் கலந்திருக்கும். ஆல்கஹால் ஆவியான பிறகு பிசுபிசுப்பு தங்கிவிடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். ஆல்கஹாலுக்கு அசையாத படிவு என்றால் பென்சில் ரப்பரால் மெதுவாக இரண்டு மூன்று இழுப்பு இழுக்கலாம், அதுவும் வாட்சின் தட்டில் மட்டும். தோல் ஸ்ட்ராப்பாக இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பின்களைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். கேபிளில் இருப்பவை ஸ்பிரிங் வைத்த பின்கள். அழுத்தினால் உள்ளே போய், விட்டால் உடனே துள்ளி வெளியே வர வேண்டும். பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒன்று உள்ளேயே சிக்கிக்கொண்டால், அல்லது மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்வாக நின்றால், அது வாட்சைத் தொடவே தொடாது. சாய்த்துப் பிடித்தால்தான் தொடும். நீங்கள் சொன்ன அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு சொட்டு ஐபிஏ விட்டுப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விட்டால் பல நேரம் விடுபட்டுவிடும். விடுபடவில்லை என்றால் கேபிளை மாற்றுவதுதான் வழி.

இந்தச் சுத்தம் எல்லாம் செய்வதற்கு முன்பே அடாப்டரை ஒரு தடவை மாற்றிப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்கவில்லை என்றால் சுருக்கமாக: வீட்டில் வேறு போன் நன்றாகச் சார்ஜ் ஆகிற அடாப்டரில், சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் நேராகப் போட்டுப் பாருங்கள். டிவியின் யுஎஸ்பி துளையில் போடுபவர்கள் உண்டு. டிவியை அணைத்தால் பல மாடல்களில் அந்தத் துளையும் அணைந்துவிடும். பவர் பேங்க் இன்னும் குழப்பும். வாட்ச் பேட்டரி மிகச் சிறியது, 200, 300 மில்லி ஆம்பியர் மணி அளவுதான், அது இழுக்கும் கரண்டும் கொஞ்சம்தான். எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானாகவே அணைந்துகொள்ளும். சிலவற்றில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த கரண்டில் ஓடும் வசதி இருக்கிறது. வேகச் சார்ஜர் வாட்சை எரித்துவிடுமா என்று பலர் கேட்பார்கள். ஒழுங்கான வேகச் சார்ஜர், எதிரே இருக்கும் சாதனம் கேட்காதவரை 5 வோல்ட்டுக்கு மேல் தராது, வாட்ச் கேட்பதும் இல்லை. பெயர் தெரியாத மலிவுச் சார்ஜரைத்தான் நான் நம்ப மாட்டேன்.

300 ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் வாதமே இல்லை. டிசி 20 வோல்ட்டில் வைத்து, கேபிளைச் செருகிவிட்டு, ஒரு பின்னில் சிவப்புக் கம்பி, மற்றதில் கறுப்பு. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5-ஐ ஒட்டி ஏதாவது காட்டினால் கேபிள் வரைக்கும் கரண்ட் வருகிறது. முன்னால் மைனஸ் குறி வந்தால் பயப்பட வேண்டாம், கம்பியை மாற்றி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். சுழியம் காட்டினால் கேபிள் உள்ளே அறுந்திருக்கிறது. யுஎஸ்பி தலைக்குப் பக்கத்தில் கேபிளை வளைத்து அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அறுவது அங்கேதான்.

காந்தக் கேபிளில் இன்னொரு சங்கடம் உண்டு. அது வாட்சை மட்டும் இழுப்பதில்லை. மேஜை மேல் கிடக்கும் ஹேர்பின், ஊக்கு, ஸ்டேப்ளர் பின் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பின்களுக்கும் குறுக்கே ஒரு ஊக்கு விழுந்தால் ஷார்ட் சர்க்யூட். நல்ல அடாப்டர் அணைந்து தப்பிக்கும், மட்டமானது கேபிளின் பிளாஸ்டிக்கை உருக்கும். பின்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் கருகிய தடம் தெரிந்தால் இது நடந்திருக்கிறது. அந்தக் கேபிளைச் சுத்தம் செய்யாதீர்கள், தூக்கிப் போடுங்கள். சார்ஜ் போடாத நேரத்தில் பிளக்கிலிருந்து எடுத்து வைப்பது நல்லது.

சரி, கேபிள்தான் போயிருக்கிறது, புதிது வாங்கப் போகிறீர்கள். இரண்டு பின் காந்தக் கேபிள் எல்லாம் ஒன்றுதான் என்று கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றல்ல. பின்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 2.84 மில்லிமீட்டர் உள்ளவை உண்டு, 4 மில்லிமீட்டர் உள்ளவையும் உண்டு, வேறு அளவுகளும் உண்டு. ஒட்டிக்கொள்வதால் பொருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். அதைவிட முக்கியம் பிளஸ் எந்தப் பக்கம் என்பது. பழைய கேபிளில் மல்டிமீட்டர் 5 காட்டுகிறது என்றால், எந்தப் பின்னில் சிவப்பை வைத்தபோது மைனஸ் குறி இல்லாமல் காட்டியது என்று குறித்துக்கொண்டு, புதியதிலும் அதே பக்கம் பிளஸ் வருகிறதா என்று பார்த்த பிறகே வாட்சில் ஒட்டுங்கள். மாறிய கேபிளால் வாட்சுக்கு உள்ளே இருக்கும் சார்ஜிங் சிப் போவதற்கு வாய்ப்புண்டு. உங்கள் மாடல் பெயரைச் சொல்லித் தயாரிப்பாளரிடமே வாங்க முடிந்தால் இந்த வேலை எதுவும் தேவையில்லை.

தொடும் இடம் சுத்தம், கேபிளில் 5 வோல்ட் வருகிறது, இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் உடனே கைவிட வேண்டாம். ஒரு வாரமாக அணைந்து கிடந்த வாட்ச் அடிமட்டம் வரை இறங்கியிருக்கும். அந்த நிலையில் சார்ஜிங் சிப் முதலில் மிகக் குறைந்த கரண்டில்தான் ஏற்றத் தொடங்கும். அதுவரை திரையில் எதுவும் தெரியாது. ஒரு மணி நேரம் அப்படியே விட்டு வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து எடுத்துப் பார்த்தால் காரியம் கெடும். மாதக்கணக்கில் டிராயரில் கிடந்த வாட்ச் என்றால் பேட்டரி அளவு மீறி இறங்கி, சிப் ஏற்றவே மறுக்கலாம். சில கடைகளில் பேட்டரிக்கு நேராக வெளிக் கரண்ட் கொடுத்து ‘பூஸ்ட்’ செய்து தருவதாகச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படி இறங்கிய லித்தியம் பேட்டரியைக் கட்டாயப்படுத்தி எழுப்பினால் உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறும் ஆபத்து உண்டு, கட்டிக்கொள்வது கை மணிக்கட்டில்.

பின்களே இல்லாமல் வட்டத் தட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றும் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆப்பிள் வாட்ச், கேலக்ஸி வாட்ச் போன்றவற்றில் அரிப்பதற்கு உலோகப் பின்கள் கிடையாது, ஆனால் தட்டுக்கும் வாட்சுக்கும் நடுவே இடைவெளி ஆகாது. தட்டிலோ வாட்சின் முதுகிலோ புதிதாக வந்தபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் இருக்கிறதா பாருங்கள். உறை போட்டிருந்தால் கழற்றுங்கள். போன் வைக்கும் சாதாரண வயர்லெஸ் தட்டில் ஆப்பிள் வாட்ச் ஏறாது, அதற்கென்று உள்ள தட்டு வேண்டும். ஆப்பிள் வாட்சின் திரையில் பச்சை மின்னல் குறி வந்தால் ஏறுகிறது, சிவப்பு மின்னல் என்றால் சார்ஜ் வேண்டும் என்று கேட்கிறது. உறைந்து நின்றால் பக்கவாட்டுப் பட்டனையும் திருகும் குமிழையும் சேர்த்து 10 நொடி, லோகோ வரும்வரை அழுத்தலாம். கேலக்ஸி வாட்சில் இரண்டு பட்டன்களையும் சேர்த்து 7 நொடிக்கு மேல். 80 சதவீதத்தில் நின்றுவிட்டது என்பவர்கள் பயப்பட வேண்டாம், பேட்டரியின் ஆயுளுக்காக அப்படி நிறுத்தும் அமைப்பு பல மாடல்களில் உண்டு.

வெயிலையும் மறந்துவிட வேண்டாம். லித்தியம் பேட்டரி வழக்கமாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் ஏற்கும். மே மாதத்தில் ஜன்னலோர மேஜையிலோ நிறுத்தி வைத்த காரிலோ கிடந்த வாட்ச் அதைத் தாண்டியிருக்கும். சூடு தணியும்வரை சிப் ஏற்றாது. நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

டிஸ்பிளே ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அல்லது பின்மூடி பிதுங்கியிருக்கிறது என்றால் மட்டும் இதுவரை சொன்ன எதையும் செய்யாதீர்கள். அது உப்பிய பேட்டரி. சார்ஜ் போடக் கூடாது, அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. தீப்பிடிக்கிற பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வாட்ச் 8 மாதம்தான் ஆனது என்பதால் ஓராண்டு வாரன்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பில்லைத் தேடி எடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்திலேயே இருக்கும். சுத்தம் செய்து, வேறு அடாப்டரும் பார்த்து, அப்படியும் ஏறவில்லை என்றால் வெளிக் கடையில் பிரிக்க விடாதீர்கள், பசையைப் பிரித்த தடம் தெரிந்தாலே வாரன்டி மறுக்கப்படும். கேபிளுக்கு வாரன்டி தனியாக, குறைவான காலத்துக்கு இருக்கலாம், அட்டையில் பாருங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள், சாய்த்தால் படம் வருவதை ஒரு சின்ன வீடியோவாகவும் எடுத்து வையுங்கள். அங்கே போனதும் அது வராமல் போவது வழக்கம். வாட்சை வாங்கி வைத்துக்கொள்ளும்போது என்ன கோளாறு என்று எழுதிய ரசீது கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் எண்ணையும் அந்த ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.