சுற்றுச்சூழல் கல்வி படித்தால் வேலை எங்கே? நியூ ஜெர்சித் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், அமெரிக்க அரசின் தேசியச் சுற்றுச்சூழல் கல்வி ஆலோசனைக் குழுவில் இடம்பெறுவதே தன் இலட்சியம் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றும், "இதெல்லாம் ஒரு வேலையா, இதற்கு எதைப் படிக்க வைப்பது" என்று உங்கள் கணவர் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பது நியாயமே. முதலில் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தக் குழுவில் இருப்பது மாதச் சம்பளம் தரும் உத்தியோகம் அன்று. 1990 நவம்பர் 16 அன்று மூத்த ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட தேசியச் சுற்றுச்சூழல் கல்விச் சட்டத்தின்படி அமைந்த குழு அது. இ.பி.ஏ. எனப்படும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர், கல்வித்துறைச் செயலரைக் கலந்துகொண்டு பதினோரு பேரை நியமிக்கிறார். அவர்கள் ஆலோசனை சொல்கிறார்கள், நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறார்கள், பிறகு அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கல்லூரியை முடித்த கையோடு யாரும் அங்கே போய் அமர முடியாது.

ஆனாலும் இத்துறையில் ஆர்வமுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் அந்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று நானே சொல்வதுண்டு. பதினோரு இடங்களும் யார் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கிறது: பள்ளிக் கல்விக்கு இரண்டு, அவற்றில் ஒன்று கட்டாயம் வகுப்பறை ஆசிரியருக்கு, கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு இரண்டு, இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு இரண்டு, மாநிலக் கல்வித்துறை, இயற்கை வளத்துறைகளுக்கு இரண்டு, தொழில் நிறுவனங்களுக்கு இரண்டு, முதியோர் சார்பில் ஒன்று. கடைசி இடத்தைப் பற்றி உங்கள் மகள் இன்னும் நாற்பது ஆண்டுகளுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. மற்ற பத்தும் இத்துறையில் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டிவிடுகின்றன. அவளிடம் கேட்க வேண்டியது, இந்த ஐந்து வாசல்களில் எதன் வழியே நுழையப் போகிறாய் என்பதைத்தான்.

என் கணிப்பில் அவளுக்கு ஏற்றது முதல் வாசல், அதாவது பள்ளிக் கல்வி. சென்ற மாதம் அவளும் தம்பியும் என் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, ராரிட்டன் ஆற்றில் கலக்கும் ஓடை ஒன்றில் எடுத்த குறிப்புகளைக் காட்டினாள். வெள்ளைத் தட்டில் ஓடை நீரை ஊற்றி, அதில் நெளியும் பூச்சிகளை வகை பிரித்து எண்ணி எழுதிய கணக்கு அது. கணக்கு ஒழுங்காகவே இருந்தது. ஆனால் நான் கவனித்தது வேறொன்றை. மேஃபிளை என்னும் நீரோரப் பூச்சியின் இளம்பூச்சி அழுக்கு நீரில் ஏன் பிழைப்பதில்லை என்று தம்பி கேட்டதும், அவள் தன் கையை வயிற்றோரம் வைத்து விரல்களை அசைத்து, செவுள்கள் அங்கேதான் இருக்கின்றன, சேறு படிந்தால் மூச்சு முட்டும் என்று விளக்கினாள். ஒன்பது வயதுப் பையன் அத்துடன் கேள்வியை விடவில்லை, இவளும் சலித்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகளிடம் எல்லாம் இந்தப் பொறுமையை நான் காண்பதில்லை.

நீங்கள் இருக்கும் மாநிலமும் இதற்குச் சாதகமாக இருக்கிறது. பருவநிலை மாற்றத்தைப் பல பாடங்களிலும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று 2020-இல் பாடத்தரங்களை ஏற்றுக்கொண்ட முதல் அமெரிக்க மாநிலம் நியூ ஜெர்சி. 2022 செப்டம்பர் முதல் அது வகுப்பறைகளுக்கு வந்துவிட்டது, அதுவும் அறிவியலில் மட்டுமல்லாமல், கலை, உடற்கல்வி, உலக மொழிகள் வரை. தயக்கமின்றி இதைக் கற்பிக்கக்கூடிய ஆசிரியர்கள் பள்ளிகளுக்குத் தேவைப்படுவார்கள்.

ஆகவே, சுற்றுச்சூழல் கல்வி என்று மட்டும் பெயரிட்ட பட்டத்தைத் தேடி ஓட வேண்டாம். உயிரியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ முதன்மைப் பாடமாக இருக்கட்டும், அதனுடன் ஆசிரியர் சான்றிதழையும் பெறட்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், உயிரியல் அறிவியல்களுக்கென்றே தனிக் கல்லூரி இருக்கிறது, கல்வியியல் பள்ளியும் இருக்கிறது, மாநிலத்தவருக்கான கட்டணமும் உண்டு. ஆசிரியர் சான்றிதழ் கையில் இருந்தால், இயற்கை மையங்களும் தொண்டு அமைப்புகளும் அழைக்கும்போது தைரியமாகப் போகலாம், சரிப்படவில்லை என்றால் பள்ளிக்குத் திரும்பலாம். அந்த மையங்களில் தொடக்க நிலை வேலைகள் பல பருவகாலத்துக்கு மட்டுமே, சம்பளமும் குறைவு. இதை மறைத்து உங்களை அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தொழில் நிறுவனங்களின் வாசலுக்கு இப்போதே போக வேண்டியதில்லை, அது பத்தாண்டு அனுபவத்துக்குப் பிறகு தானே திறக்கும்.

மத்திய அரசு வேலையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொல்வேன். இதே நோக்கத்துடன் 1970-இல் வந்த முந்தைய சட்டம் 1980-களின் தொடக்கத்திலேயே இல்லாமல் போனது. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதி அங்கீகாரமும் 1996-இல் காலாவதியாகி, அதன் பிறகு ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில்தான் திட்டம் ஓடியது. 2018 நிதியாண்டுக்கான வரவுசெலவுத் திட்ட வரைவில் அரசு இந்தத் திட்டத்தையே நீக்க முன்வந்தது, நாடாளுமன்றம்தான் அதைக் காப்பாற்றியது. அரசு மாறினால் ஆட்டம் காணும் இடம் அது.

இனி, கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. மகள் இங்கே பிறந்தவளா, வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருப்பவளா? தேசியப் பூங்காக்களும் இ.பி.ஏ.வும் உள்ளிட்ட மத்திய அரசு வேலைகளுக்கு அநேகமாக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எச்-4 என்றால் இருபத்தொரு வயது நிறைவதற்குள் அவள் மாணவர் விசாவுக்கோ வேறொன்றுக்கோ மாற வேண்டியிருக்கும். அந்த நிலையில், எச்-1பி வேலை விசாக்களின் வருடாந்தர எண்ணிக்கை உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்ற பல்கலைக்கழகங்களே, இயற்கை மையங்களைவிடப் பாதுகாப்பான வாசல். இதை என் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் கேளுங்கள். படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இந்தக் கோடையில் அவளுக்கு ஒரு வேலை தாருங்கள். 1972-ஆம் ஆண்டின் ஆலோசனைக் குழுச் சட்டப்படி, இத்தகைய குழுக்களின் கூட்டங்கள் பொதுவாக மக்களுக்குத் திறந்தவை. தேதியை முன்கூட்டியே அரசிதழில் வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். குழுவின் பழைய கூட்டக் குறிப்புகளில் ஒன்றையாவது அவள் முழுதாக வாசிக்கட்டும். பிறகு, தன் ஓடைக் கணக்கை வைத்து, ஒரு பள்ளி மாணவியாக அந்தக் குழுவுக்குச் சொல்ல விரும்புவதை ஒரே பக்கத்தில் எழுதட்டும். அடுத்த சந்திப்புக்கு அந்தப் பக்கத்தையும், மதிப்பெண் பட்டியலையும், விசா ஆவணங்களின் நகலையும் கொண்டு வாருங்கள். முடிந்தால் உங்கள் கணவரும் வரட்டும். தம்பியையும் அழைத்து வாருங்கள், அவன் விட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது.