ஸ்டென்ட் ஸ்டிக்கரும் அம்மாவின் இனிஷியலும்

முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான கேள்வி - பதில்

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற ஹவில்தார். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருக்கிறது. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்ததால் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி இ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லையாம். கட்டிய பணம் கிடைக்குமா?
- வாசகி, வேலூர்

பதில்: கிடைக்கும். முழுத்தொகையை எதிர்பார்க்காதீர்கள், சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு மருத்துவத் திட்டம்) கட்டணம், நீங்கள் கட்டியது, இரண்டில் எது குறைவோ அதுதான் வரும். உயிருக்கு ஆபத்து என்றால் ரெபரல் (பரிந்துரைச் சீட்டு) இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்கு (இ.சி.எச்.எஸ். நடத்தும் மருத்துவ மையம்) தகவல் போயிருக்க வேண்டும். போனில் சொன்னதோடு நிற்காமல் எழுத்தாகவும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைப்பது நல்லது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாக இருந்தால் அவர்களே ஆன்லைனில் தெரிவித்துவிடுவார்கள், முன்பணமும் கேட்கக் கூடாது.

பாலிகிளினிக்கில் கொடுக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, இனவாரியாகப் பிரித்த அசல் பில்கள், அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்று டாக்டர் கையெழுத்திட்ட சான்று, கார்டு நகல், ரத்து செய்த காசோலை, ஏன் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்ற கடிதம். ஸ்டென்ட் விஷயத்தில் பலரும் கோட்டைவிடுவது அதன் ஸ்டிக்கரை. பெட்டியில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு தாள், இன்வாய்ஸோடு சேர்ந்து வராவிட்டால் ஸ்டென்ட் தொகையே நின்றுபோகலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் யாரிடமும் இருக்காது. இன்னொன்று: ஹவில்தார் வரை பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை செமி பிரைவேட். தனி அறை எடுத்திருந்தால் வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான்.

கேள்வி: அப்பாவின் ராணுவ ஆவணத்தில் அம்மா பெயருக்கு முன் தாத்தாவின் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் இனிஷியல். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. விட்டுவிடலாமா?
- வாசகர், தேனி

பதில்: விடவே கூடாது. கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறுவது நமக்குச் சாதாரணம். வடக்கே ஃபைல் பார்ப்பவருக்கு அது வேறொரு பெண். அப்பா இருக்கும்போது அவர் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம் போதும். அவர் காலத்துக்குப் பின், குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மா அலைய வேண்டிவரும்.

இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரம், படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), ஆதார் நகல்களோடு அப்பாவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு (அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகம்) விண்ணப்பியுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் (தகவல்தொடர்புப் பிரிவு) என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) என்றால் செகந்திராபாத். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் படிவம் நிரப்பவும் உதவுவார்கள். திருத்தப்பட்ட பி.பி.ஓ. கைக்கு வந்ததும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

கேள்வி: ஜீவன் பிரமாண் என்ற ஆன்லைன் முறையில் உயிர்வாழ் சான்று பதிந்தேன். ராணுவ பென்ஷனுக்கான இணையதளமான ஸ்பார்ஷில் ஏறவில்லை. ஏன்?
- வாசகர், கன்னியாகுமரி

பதில்: பென்ஷன் வழங்குபவர் என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்திருப்பீர்கள். ஸ்பார்ஷுக்கு மாறியவர்கள் அங்கே ‘ஸ்பார்ஷ் - பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ்’ என்பதைத் தேர வேண்டும். பழைய பி.பி.ஓ. எண்ணும் வேண்டாம், ஸ்பார்ஷ் கொடுத்த 12 இலக்க எண்ணைப் போட்டு மறுபடி பதியுங்கள்.