சாவியும் காறையும்

அன்புள்ள ஐயா,

தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். கழுத்தடியிலிருந்து தோள்வரை செல்லும் எலும்பு ‘கிளாவிக்கிள்’. அப்படியென்றால் லத்தீனில் ‘சிறிய சாவி’ என்று படித்தோம். தோளுக்குள் சாவி எப்படி வந்தது? தமிழில் ‘காரை எலும்பு’ என்கிறோம். சுவரில் பூசும் காரைக்கும் எலும்புக்கும் என்ன உறவு?

– வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கைக்கு,

அது காரை அல்ல, காறை; வல்லின றகரம். கழுத்தை ஒட்டி அணியும் பொன், வெள்ளி வளையத்துக்குக் காறை என்று பெயர். காறை பூணும் பெண்ணைப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். அந்த நகை படியும் இடத்து எலும்பு காறை எலும்பு. அச்சிலும் ‘காரை’ என்று பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இத்தனை அழகான பெயரை ஓர் எழுத்தால் இழக்கலாமா?

லத்தீனில் கிளாவிஸ் என்பது சாவி. கிளாவிகுலா சிறு சாவி. ஆனால் கிரேக்கர்கள் அதற்கும் முன்பே ‘கிளைஸ்’ என்ற ஒரே சொல்லால் சாவியையும் இந்த எலும்பையும் குறித்தார்கள். ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய் வீரன் ஹெக்டர் ஈட்டி பாய்ந்து வீழும் இடத்திலேயே இந்த எலும்பு வருகிறது. உங்கள் கைப்பையில் இருக்கும் சாவியை நினைத்தால் பொருத்தம் விளங்காது. பழங்காலக் கிரேக்கச் சாவி நீண்டு வளைந்த கம்பி. கதவுத் துளை வழியாக விட்டு உள்தாழை நீக்குவார்கள். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் நாயகனின் மனைவி பெனலோப்பி எடுப்பதும் வளைந்த வெண்கலச் சாவிதான், தந்தப் பிடி போட்டது. கழுத்துக் குழியிலிருந்து தோள் முனைவரை விரலால் தடவிப் பாருங்கள்: எலும்பு முதலில் முன்பக்கம் புடைத்து, பிறகு பின்வாங்கும். இந்த வளைவால்தான் பெயர் வந்தது என்பது என் கருத்து. கையை உயர்த்தும்போது எலும்பு சாவி போலத் தன் அச்சில் திரும்புவதும் உண்மை. பாடத்தை நினைவில் வைக்க அது உதவும்.

ரோமானியரான கெல்சஸ் தம் மருத்துவ நூலில் இதை ‘யூகுலும்’ என்றார். ‘யூகும்’ என்றால் நுகத்தடி. தோளில் வைத்துச் சுமக்கும் காண்டாக் கம்பில் ரப்பர்ப் பால் வாளிகளைச் சுமந்த உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம். கம்பு அழுத்திக் காய்த்துப்போன தோள்கள் அவர்களுடையவை. கழுத்தில் ஓடும் ஜுகுலர் இரத்தக்குழாயின் பெயரும் இதிலிருந்து பிறந்ததே.

கழுத்துத் தசைகளைப் படிக்கும்போது ‘ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட்’ வரும். மலைக்காதீர்கள். ஸ்டெர்னோ என்றால் நெஞ்செலும்பு; மாஸ்டாய்ட் என்றால் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேடு. நடுவில் நிற்கும் ‘கிளைடோ’, கிரேக்கரின் அந்தச் சாவி.