தாபிக் என்ற சிறு ஊரை ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாத அமைப்பு ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசியது?

படை வலிமைக்காக அல்ல, ஒரு முன்னறிவிப்புக்காக. தாபிக், சிரியாவின் அலெப்போவுக்கு வடக்கே துருக்கி எல்லையை ஒட்டிய சிற்றூர். ரோமர்கள் அஃமாக்கிலோ தாபிக்கிலோ வந்து இறங்கும்வரை இறுதி நாள் வராது என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. அது சொல்லும் 'ரோமர்', அந்தக் காலத்துப் பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசினர். ஐஎஸ் அந்தச் சொல்லை அமெரிக்கா மீதும் ஐரோப்பா மீதும் ஒட்டியது. 2014-இல் தன் ஆங்கில இதழுக்கே 'தாபிக்' என்று பெயர் சூட்டி, 'உங்கள் படைகளுக்காக இங்கே காத்திருக்கிறோம்' என்று மிரட்டியது.

இந்த உத்தியின் கொடுமையை நாம் உணர வேண்டும். எதிரி வந்தால் வாக்குப் பலித்தது என்பார்கள். வராவிட்டால் இன்னும் வேளை வரவில்லை என்பார்கள். எப்படியும் தோற்காத வாதம். வீட்டை விட்டுக் கிளம்பும் இளைஞனுக்கு அது தரும் போதை சாதாரணமானதல்ல: உலகின் கடைசிப் போரில் தனக்கும் ஓர் இடம்! உலக முஸ்லிம் அறிஞர்கள் பலர் இந்த அமைப்பின் விளக்கங்களை வன்மையாகக் கண்டித்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு, பைபிள் சொல்லும் இறுதிப் போரான அர்மகெதோனை இதேபோல் வளைத்தது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சைப் பரப்பியது.

தாபிக்கில் பெரும்போர் நடக்கவே இல்லை. 2016 அக்டோபரில் துருக்கி ஆதரவு பெற்ற சிரியக் கிளர்ச்சிப் படைகளிடம் ஊர் பெரிய எதிர்ப்பின்றி வீழ்ந்தது. அதற்குச் சற்று முன்பே, செப்டம்பரில், ஐஎஸ் அமைப்பின் 'ரூமியா' என்ற புதிய இதழ் வரத் தொடங்கியிருந்தது. 'தாபிக்' என்ற பழைய இதழ்ப் பெயர் ஓசையின்றி மறைந்துவிட்டது.