வீட்டுக்கு சின்ன காற்றாலை: எந்த டிசைன் எடுக்கலாம்? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, செங்குத்தா நின்னு சுத்துறது, ஃபேன் மாதிரி சுத்துறது, ரெண்டுல எது நல்லது?

பதில்: என் ஓட்டு ஃபேன் மாதிரி இருக்கற மூணு பிளேடுக்குத்தான். செங்குத்தா சுத்துறதுல, பீப்பாயை ரெண்டா பொளந்து எதிரெதிரா வச்சா வர்றதுதான் சவோனியஸ், அதுல ஒரு பாதியை காத்து தள்ளும்போதே இன்னொரு பாதி காத்தை எதிர்த்து திரும்பி வரணும், அதனால காத்துல இருக்கற சக்தில 15, 20 சதவீதம் கிடைச்சாலே பெருசு. மூணு பிளேடு ஒழுங்கா செஞ்சிருந்தா 30, 35 வரும். அதே செங்குத்துல டேரியஸ்னு வளைஞ்ச பிளேடு டைப் ஒன்னு இருக்கு, ஓட ஆரம்பிச்சா பரவாயில்ல, ஆனா தானா ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் பிளேடு மேல லோடு ஏறி இறங்கிட்டே இருக்கறதால வைப்ரேஷன்ல ஜாயிண்ட் விட்டுப்போகும். பார்க்க அழகுதான், ஒத்துக்கறேன்.

கேள்வி: சார், 1.2 மீட்டர் விட்டத்துல 1 கிலோவாட்னு விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க. 12 மீட்டர் வேகத்துல (செகண்டுக்கு) அடிக்கற காத்துல அந்த வட்டத்துக்குள்ள வர்ற மொத்த சக்தியே கிட்டத்தட்ட 1200 வாட்தான். எந்த டர்பைனா இருந்தாலும் அதுல 59.3 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாது, பெட்ஸ் லிமிட்னு சொல்றது இதைத்தான். அப்ப 1000 எங்கேர்ந்து வரும்? நல்ல மிஷினே 350 வாட் பக்கம்தான் தரும். லேபிள்ல வாட்டை பார்க்காம விட்டத்தை பாருங்க, எந்த வேகத்துக்கு அந்த வாட்னு கேளுங்க. காத்து வேகம் பாதியானா சக்தி எட்டுல ஒரு பங்காயிடும், 2 மீட்டர் விட்டத்துல 12 மீட்டர் வேகத்துல 1000 வாட் தர்றது 4 மீட்டர் வேகத்துல 37 வாட்தான் தரும். நம்ம வீட்டுப்பக்கம் தினமும் அடிக்கறது பெரும்பாலும் இந்த 4 தான்!

கேள்வி: மொட்டை மாடில வச்சிடலாமா?

பதில்: வேணாங்க. சுவர்ல மோதி காத்து சுழிச்சிக்கிட்டு வரும், கட்டடம் பூரா உறுமும். சுத்துவட்டாரத்துல இருக்கற மரம், கட்டடம் எல்லாத்தையும் விட 30 அடியாவது உசரமா தனி டவர்ல நிக்கணும். டவருக்கு பட்ஜெட் இல்லன்னா சோலார் போடுங்க, கோச்சுக்கமாட்டேன்.

கேள்வி: பிளேடு ஆறு வச்சா கரண்ட் கூடுமா?

பதில்: கூடாது. சுத்தற பலம் கூடும், வேகம் குறையும். தண்ணி பம்புக்கு ஓகே, ஜெனரேட்டருக்கு ஸ்பீடுதான் வேணும்.

கேள்வி: பழைய கார் ஆல்டர்னேட்டரை வச்சு நானே செய்யலாமா அண்ணே?

பதில்: அது ஆயிரம் ஆர்பிஎம் தாண்டினாத்தான் சார்ஜே பண்ண ஆரம்பிக்கும், 2 மீட்டர் ரோட்டர் (பிளேடு எல்லாம் சேர்ந்து சுத்தற பாகம்) சாதாரண காத்துல அதுல பாதி கூட சுத்தாது. நியோடிமியம் காந்தம் ஒட்டின டிஸ்க் ரெண்டு, நடுவுல ரெசின்ல ஊத்தின காயில், இந்த மாதிரி ஜெனரேட்டர் பண்ணா மெதுவா சுத்தினாலே போதும், வேகத்தை கூட்ட கியரே வேணாம்.

கேள்வி: பேட்டரி ஃபுல் ஆனதும் வயரை கழட்டி விட்டுடலாமா?

பதில்: ஐயோ, தப்பித்தவறி கூட செய்யாதீங்க. கரண்டை இழுக்கற லோடு இல்லாம விட்டா ரோட்டர் கன்னாபின்னான்னு ஓடி பிளேடு பிச்சிக்கிட்டு போகும். மிச்ச கரண்டை ஒரு ஹீட்டர் காயில்ல தள்ளிவிடற டம்ப் லோடு கட்டாயம் வேணும். புயலுக்கு, காத்து ஏறினா தானா பக்கவாட்டுல மடங்கி ரோட்டரை காத்துலேர்ந்து திருப்பற வால் இருக்கற மாடலா பாருங்க. கையால நிறுத்தணும்னா ஜெனரேட்டர்லேர்ந்து வர்ற மூணு ஃபேஸ் வயரையும் ஒன்னா சேர்த்து ஷார்ட் பண்ற சுவிட்ச் டவர் அடியிலேயே இருக்கட்டும், அதையும் காத்து பலமாகறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, முழு வேகத்துல ஓடும்போது போட்டா காயில் கருகிடும்.