வேப்பங்கட்டையில் கோடாலி சிக்கினால்

கட்டையின் நடுவில் வெட்டாமல், விளிம்பிலிருந்து சிறு சிறு துண்டுகளாகப் பிளந்துகொண்டே உள்ளே வாருங்கள்.

கொல்லையில் சாய்ந்த வேம்பை அடுப்புக்காக நீங்களே பிளக்கும்போது ஒவ்வொரு வெட்டிலும் கோடாலி மாட்டிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கைவலு குறைவதால் அப்படி ஆவதில்லை. வேம்பின் இழைகள் ஒன்றோடொன்று பின்னி வளர்பவை என்பதால், மரம் வெட்டுவதற்கான மெல்லிய அலகு அவற்றுக்குள் இறங்குமே தவிர, அவற்றை விலக்கித் தள்ளாது. தடித்த அலகுள்ள கோடாலியோ, இரும்பு ஆப்பும் சம்மட்டியுமோ வேண்டும்.

அடுத்த கட்டையை நிறுத்தியதும் அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெடிப்பு ஓடியிருந்தால் அந்தக் கோட்டிலேயே ஆப்பை வைத்து அடியுங்கள். கணு உள்ள இடத்தைத் தொடாதீர்கள்.

பிளந்ததை உடனே எரிக்க வேண்டாம். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருக்கக்கூடும். அது வற்றும்வரை புகைதான் மிஞ்சும். நம் டெல்டாவில் கோடையிலேயே பிளந்து, காற்றோடும்படி அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் தாழ்வாரத்தில் ஏற்றிவிட வேண்டும்.

வேதாரண்யம் பக்கத்துச் சவுக்கு கிடைத்தால் முதலில் அதில் கை பழகுங்கள். ஒரே அடியில் அது இரண்டாக விழும் ஓசைக்காகவே நான் இன்றும் பிளந்த விறகு வாங்குவதில்லை.